தலைக்கு மேலே ஒரு கதிர், தலை மீதே ஒரு கதிர்

காசநோயாளி ஒருவர் வெளிநோயாளர் கூடத்தில் இருமினால், அந்தக் கிருமி மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். தரையை எத்தனை முறை ஃபினாயில் போட்டுத் துடைத்தாலும் அதை எட்ட முடியாது. மிதக்கும் கிருமியை மிதக்கும்போதே கொல்ல இரண்டு வகைப் புற ஊதா விளக்குகள் இருக்கின்றன. ஒன்று, 254 நானோமீட்டர் கதிர் வீசும் பழைய பாதரச விளக்கு. மற்றொன்று, 222 நானோமீட்டரில் எரியும் கிரிப்டான் குளோரைடு விளக்கு.

பழையதன் கதை நீளம். 1930களின் பிற்பகுதியில் ஃபிலடெல்ஃபியா பக்கத்துப் பள்ளிகளில் வில்லியம் வெல்ஸ் என்ற ஆய்வாளர் இதைப் பொருத்தினார். 1941இல் அங்கே தட்டம்மை பரவியபோது, விளக்கு எரிந்த வகுப்புகளில் நோய் குறைவாகவே தொற்றியது. இன்னும் உறுதியான சான்று பெருவின் லிமா நகர மருத்துவமனை ஒன்றிலிருந்து வந்தது. காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே மாடிக்குக் கொண்டுபோய் கினிப்பன்றிகளைச் சுவாசிக்க வைத்தார்கள். விளக்கு எரியாத நாட்களின் காற்றைச் சுவாசித்தவற்றில் 35 சதவீதத்துக்குத் தொற்று ஏற்பட்டது. எரிந்த நாட்களின் காற்றைச் சுவாசித்தவற்றில் அது 9.5 சதவீதம்தான். 2009இல் வெளியான முடிவு இது.

ஆனால் இந்தக் கதிர் நேரே பட்டால் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும், தோல் சிவக்கும். அதனால்தான் விளக்கை ஏழடி உயரத்துக்கு மேல் மாட்டி, தகடுகளால் மறைத்து, கதிரைக் கூரையோரமாகவே ஓடவிடுகிறார்கள். கீழே இருக்கும் காற்று மேலே போனால்தான் பலன். எனவே கூடவே ஃபேன் ஓட வேண்டும்.

222 நானோமீட்டர் கதிருக்கு இந்த ஒளிவுமறைவு தேவையில்லை. தோலின் மேலுள்ள இறந்த செல்களிலேயே அது பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும். கண்ணில் நீர்ப்படலமும் வெளிப்புறச் செல்களும் தடுத்துவிடும். ஆகவே வரம்புக்குட்பட்ட அளவில் ஆட்கள் இருக்கும்போதே, அவர்கள் மூச்சுவிடும் உயரத்திலேயே, காற்றைச் சுத்தம் செய்ய முடிகிறது. 2022இல் இங்கிலாந்தின் லீட்ஸில் ஓர் அறை அளவுக் கூண்டில் சோதித்தபோது, காற்றிலிருந்த ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமி 98 சதவீதம் குறைந்தது. குறைகளும் உண்டு: விலை அதிகம், சிறிதளவு ஓசோன் உண்டாகிறது, காற்றோட்டமில்லாத அறையில் அது தேங்கும். ஆபத்தான நீள அலைகளை வடிகட்டும் ஃபில்டர் இல்லாத மலிவு விளக்கை ஆட்கள் நடமாடும் இடத்தில் மாட்டவே கூடாது.

கூரை உயரமாக, ஃபேனோடு இருக்கும் நம் அரசு மருத்துவமனைக் கூடங்களுக்குப் பழைய விளக்குதான் ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. நோயாளிகளிடமிருந்து காசநோய் பரவுவதைத் தடுத்துக் காட்டிய சான்று அதற்குத்தான் இருக்கிறது. புதியது வரும்வரை அதைத் தள்ளிப்போடுவது, காத்திருக்கும் நோயாளிகளுக்குச் செய்யும் அநியாயம். கூரை தாழ்ந்த ஆம்புலன்ஸுக்கும் லிஃப்டுக்கும் 222 வரட்டும். எதை மாட்டினாலும், அணைத்துவிட்டு ஸ்பிரிட் துணியால் தூசியைத் துடைக்கவும், மீட்டர் வைத்துக் கதிரை அளக்கவும் ஓர் ஆள் பொறுப்பில் இருக்க வேண்டும். தூசி படிந்த குழலும் நீலமாகத்தான் ஒளிரும். ஆனால் கிருமி சாகாது.