எது திருத்தம்? தானியங்கி வழுநீக்கத்தில் ஏற்பு அளவுகோல்

நிரலின் வழுவைக் கணினியே நீக்க முயலும்போது பொருளற்ற திருத்தங்கள் தோன்றுவதற்குத் தேடும் முறையின் குறையே காரணம் என்ற கருத்து பரவலாக உண்டு. 2013இல் வெளியான ‘பார்’ என்னும் கருவி, மனிதர் எழுதிய திருத்தங்களிலிருந்து வார்ப்புருக்களைப் பெற்று இக்குறையைக் களைய முயன்றது. ஆனால் தேடும் முறையைவிட, கிடைத்ததை ஏற்கும் அளவுகோலே முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

‘ஜென்புரோக்’ என்ற கருவி 105 வழுக்களில் 55ஐ நீக்கியதாக 2012இல் அறிவிக்கப்பட்டது. எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2015இல் அவற்றை மறுபரிசீலனை செய்தபோது, 2 வழுக்களுக்கு மட்டுமே சரியான திருத்தம் கிடைத்திருந்தது. திருத்தங்களை ஏற்கப் பயன்பட்ட சோதனைகளில் பல, நிரல் தரும் விடையைப் பார்க்கவில்லை; அது பிழைக்குறி இல்லாமல் முடிகிறதா என்று மட்டுமே பார்த்தன. விடை தரும் பகுதியையே வெட்டியெறிந்தாலும் அத்தகைய சோதனையில் தேறிவிடலாம். அவர்கள் உருவாக்கிய ‘காளி’க்கு நிரலின் செயல்களை நீக்க மட்டுமே தெரியும்; ஆனாலும் சரியான திருத்தங்களின் எண்ணிக்கையில் அது ஜென்புரோக்கை விடக் குறையவில்லை.

இந்தியச் சான்று இன்னும் தெளிவானது. ஐ.ஐ.டி. கான்பூரின் தொடக்கநிலை மாணவர்கள் எழுதிய 6,971 பிழையுள்ள சி நிரல்களை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ‘டீப்ஃபிக்ஸ்’ 2017இல் கையாண்டது. 27 விழுக்காட்டை முழுமையாகத் திருத்தியது. இங்கே ‘முழுமை’ என்பது தொகுப்பி பிழைச்செய்தி தராமல் ஏற்பது. மாணவர் ஒருவர் மடக்கின் இறுதி அடைப்புக்குறியை மறந்துவிட்டார் எனக் கொள்வோம். அச்சிடும் கூற்றுக்கு முன்னே அதை இட்டால் விடை ஒருமுறை வரும். பின்னே இட்டால் ஒவ்வொரு சுற்றிலும் வரும். தொகுப்பி இரண்டையும் ஏற்கும். மாணவர் கருதியதோ ஒன்றுதான்.

கான்பூரில் உருவாகி 2018இல் வெளியான ‘டிரேசர்’ அந்தக் கருத்தையே அளவுகோலாக்கியது. 4,500 நிரல்களில், அதன் பரிந்துரைகள் 79.27 விழுக்காட்டில் தொகுப்பியின் ஏற்பைப் பெற்றன. மாணவர் எதிர்பார்த்த திருத்தத்தோடு அப்படியே பொருந்தியவை 68 விழுக்காடு. கருவியும் தரவும் மாறவில்லை. கேள்வி மாறியதும் வெற்றி ஏறத்தாழ 11 புள்ளிகள் இறங்கியது.

இந்த 11 புள்ளிகளும் பொருளற்றவை என்று கொள்ள முடியாது. ஒரு வழுவுக்கு வேறு நல்ல திருத்தமும் இருக்கலாம். மேலும், மாணவரின் அடுத்த முயற்சி பதிவாகும் வகுப்பறையில் மட்டுமே இவ்வளவுகோல் எளிதில் கிடைக்கும். தொழிற்சூழலில் அதற்கு ஈடாக, கருவிக்குக் காட்டாத சோதனைகளைத் தனியே ஒதுக்கிவைக்கலாம். மிகச் சிறிய மாற்றத்தைத் தேர்வதும் உதவும். ஆனால் பல வேளைகளில் மிகச் சிறிய மாற்றம் ஒரு வரியை நீக்குவதே. எனவே நீக்கும் திருத்தம் ஒவ்வொன்றையும், அச்செயல் தேவையற்றது என நிறுவப்படும் வரை ஐயத்துக்குரியதாகவே கொள்ள வேண்டும்.

ஆகவே சோதனையில் தேறியவை எத்தனை, அவற்றுள் நிரலை எழுதியவரின் கருத்துக்கு ஒத்தவை எத்தனை என்னும் இரு எண்களையும் ஆய்வுகள் தனித்தனியே தர வேண்டும். முதல் எண்ணை மட்டும் தரும் ஆய்வு, கருவியின் திறனை அல்ல, சோதனைகளின் தளர்ச்சியையே அளந்திருக்கக்கூடும்.