புரன் அப்பு (1812–1848)

இலங்கையில் ஆங்கில ஆட்சியை எதிர்த்து 1848இல் எழுந்த மாத்தளைக் கிளர்ச்சியின் படைத்தலைவர். இயற்பெயர் வீரஹென்னதிகே பிரான்சிஸ்கோ பெர்னாண்டோ. கரையோரப் பட்டினமாகிய மொறட்டுவையில் 1812 நவம்பர் 7ஆந் திகதி பிறந்த இவர், பதின்மூன்றாம் பிராயத்தில் ஊரை நீங்கி, இரத்தினபுரியில் பிரக்கிராசியாயிருந்த உறவினரிடம் தங்கி, பின்னர் ஊவாவிலும் கண்டிப் பகுதியிலும் சஞ்சரித்து, கண்டியிலேயே விவாகமும் செய்துகொண்டார். இக்காலத்து இவரது சீவியத்தைக் கொள்ளைக்காரனது சீவியமாக ஆங்கில அதிகாரிகள் எழுதிவைத்தனர். ஆட்சியை எதிர்த்தோரை அவ்வாறு தூஷித்தல் அவர்தம் வழக்கமாதலின் அது கொள்ளத்தக்கதன்று. கரைநாட்டிற் பிறந்து கிறிஸ்தவப் பெயர் தாங்கிய ஒருவர், மலைநாட்டுப் பிரதானிகள் பெரும்பாலும் ஒதுங்கிநின்ற வேளையில், மலைநாட்டுக் குடியானவரின் நம்பிக்கைக்குப் பாத்திரமானமையே இவர் சரித்திரத்தில் ஊன்றி நோக்கற்பாலது.

கிளர்ச்சியின் காரணங்கள் வெளிப்படையானவை. 1840ஆம் ஆண்டுக் காணிச் சட்டத்தால், உறுதி காட்ட இயலாத கிராமத்தாரின் சேனை நிலங்கள் முடிக்குரியனவாகிக் கோப்பித் துரைமார் கைக்கு மாறின. கோப்பி விலை வீழ்ந்து திறைசேரி வறண்டபோது, தேசாதிபதி டொரிங்டன் பிரபு, துப்பாக்கிக்கு இரண்டரைச் சிலிங்கும் நாய்க்கு ஒரு சிலிங்குமாக வரி விதித்ததோடு, 18 முதல் 55 வயது வரையான ஆடவர் ஆண்டுதோறும் ஆறு நாள் தெருவேலை செய்தல் அல்லது மூன்று சிலிங் இறுத்தல் வேண்டுமெனவும் கட்டளையிட்டார். இதனைக் கண்டித்துக் கொழும்பு ஒப்சேவர் பத்திராதிபர் டாக்டர் கிறிஸ்தோபர் எலியட் எழுதிய கடிதம் சிங்களத்திலும் பரவிற்று.

1848 யூலை 26இல் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசராக முடிசூட்டப்பட, புரன் அப்பு படைநடத்தும் பொறுப்பேற்றார். மாத்தளையில் அரசாங்கக் கட்டடங்கள் தாக்கப்பட்டன. கண்டியைக் கைப்பற்றுமுன்னரே படை சிதறுண்டது. பிடிபட்ட புரன் அப்பு, இராணுவச் சட்டத்தின்கீழ் விசாரிக்கப்பட்டு, ஆகஸ்ட் 8இல் கண்டி போகம்பரையில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர்தம் தைரியத்தைக் கண்டு, அவர் போன்றார் சிலர் தலைமை தாங்கியிருப்பின் கண்டி நாட்டில் வெள்ளையர் எவரும் எஞ்சியிரார் என்னுங் கருத்துப்பட டொரிங்டனே எழுதினார். பகைவன் எழுத்தாதலின் இச்சாட்சியத்தின் மதிப்பு பெரிது.

இக்கிளர்ச்சியின் தொடர்பில் பௌத்த பிக்குவாகிய கடஹபொல தேரரும் காவியுடையுடனே சுடப்பட்டார். பண்டா மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார். பிரித்தானியப் பாராளுமன்ற விசாரணையின் பின் 1850இல் டொரிங்டன் திருப்பியழைக்கப்பட்டார். புரன் அப்புவின் வரலாற்றை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் திரைப்படமாக்கியுள்ளார்.