கம்பெனி: பந்தியில் பிறந்த சொல்

சொற்களுக்கும் வரலாறு உண்டு. குடிசையில் பிறந்து கோட்டை புகுந்த சொல் உண்டு. தோழமையில் தோன்றி, ஆதிக்கத்துக்கு ஆயுதமான சொல்லும் உண்டு. 'கம்பெனி' எனும் ஆங்கிலச் சொல் அத்தகையது. நாள்தோறும் நம் நாவில் தவழும் அச்சொல், காவிரிக் கரையில் நடத்திய நாடகத்தை நாம் மறந்துவிடலாகாது.

அகராதியைப் புரட்டுவோம். தோழமை என்பது ஒரு பொருள். வணிகக் கூட்டு மற்றொன்று. படையின் ஒரு பிரிவு இன்னொன்று. நாடகக் குழு வேறொன்று. இத்தனைக்கும் வேர் இலத்தீனில் இருக்கிறது. 'கொம்' என்றால் உடன். 'பானிஸ்' என்றால் ரொட்டி. உடனமர்ந்து உண்போர் கூட்டம்! தமிழில் சொல்வதானால், ஒரே பந்தி.

பந்தியில் பிறந்த அந்தச் சொல், 1600 டிசம்பர் 31-இல் எலிசபெத் அரசியாரின் பட்டயம் பெற்று, கிழக்கிந்தியக் கம்பெனியாகக் கப்பலேறிற்று. 1664-இல் பிரெஞ்சுக்காரரும் ஒரு கம்பெனி கண்டனர். மிளகுக்கும் துணிக்கும் வந்த இரு கம்பெனிகளும் மோதிய களங்களுள் முதன்மையானது எது? திருச்சிராப்பள்ளி!

1751-இல் மலைக்கோட்டை நகரில் முகமது அலி முற்றுகையிடப்பட்டான். சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக் கம்பெனி துணை. முகமது அலிக்கு ஆங்கிலக் கம்பெனி துணை. 1752-இல் பிரெஞ்சுப் படை ஆற்றைக் கடந்து திருவரங்கத் தீவில் ஒதுங்கிற்று. அரங்கன் கோயிலும் ஆனைக்காக் கோயிலும் பாசறைகளாயின. வைணவ மதிலும் சைவ மதிலும் வெள்ளையன் பீரங்கிக்குத் திரையாயின! கோயிலுக்குள் நுழையும் உரிமை சொந்த நாட்டு உழைப்பாளிக்கு இல்லாத காலம் அது. ஜூன் திங்களில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிபின் தலை உருண்டது. வென்றவன் முகமது அலியா? இல்லை. வாள் அவனுடையது, வரவு கம்பெனியுடையது. 1801 ஜூலையில் கருநாடக ஆட்சியே கம்பெனியின் கைக்குப் போயிற்று.

மக்கள் அதனைக் 'கும்பினி' என்றனர். கும்பினியின் கருத்தை முன்கூட்டியே உணர்ந்தவன் சின்ன மருது. 1801 ஜூன் 16-இல் அவனது அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கக் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியாரும் முசுலிம்களும் ஒன்றுபடவேண்டும் என்பதே அதன் அழைப்பு. ஒன்றுபட்டோமா? அவ்வாண்டு அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலேற்றப்பட்டனர்.

1858-இல் அந்தக் கம்பெனியின் ஆட்சி முடிந்தது. ஆனால், சொல் மடியவில்லை. புகைவண்டி ஏறி மீண்டும் வந்தது. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய இரயில்வேயும் இலண்டன் கம்பெனிதான். பொன்மலையில் பெரும் தொழிற்சாலை எழுந்தபோது, ஆட்குறைப்பும் உடன் வந்தது. 1928-இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சிங்காரவேலர் சிறை புகுந்தார்.

புகைவண்டியில் எல்லோரும் ஒரே புகையைச் சுவாசித்தனர். நிலையத்தில் இறங்கி உண்ணப் போனால்? பிராமணர்க்கு ஓரிடம், மற்றவர்க்கு வேறிடம்! உடனமர்ந்து உண்பது எனும் பொருளுடைய சொல்லைத் தலையில் தாங்கிய நிறுவனங்கள், உடனமர்ந்து உண்ணலாகாது எனும் வருணாசிரமத்துக்குப் பந்தி விரித்தன. வெள்ளையனுக்கு வேண்டியது வருவாய். வைதிகனுக்கு வேண்டியது வேலி. இருவருக்கும் இடையே எவ்வளவு இணக்கம்! பெரியாரும் நீதிக்கட்சியினரும் கிளர்ச்சி செய்த பிறகே, 1941-இல் தென்னாட்டு இரயில் நிலையங்களில் அந்தப் பிரிவினை ஒழிந்தது.

அதே சொல் நாடகக் கொட்டகையில் நல்ல பெயரும் பெற்றது. ஏழை வீட்டுச் சிறுவர்க்குச் சோறும் கலையும் தந்தவை பாய்ஸ் கம்பெனிகள். சங்கிலியாண்டபுரத்துச் சிறுவன் கணேசன் நடிப்புப் பயின்ற பள்ளி அதுவே. பின்னர்ப் பெரியார் வாயால் 'சிவாஜி' ஆனான்.

ஆகவே, சொல்லின் மீது குற்றமில்லை. அதை யார் கையாள்கிறார், யாருக்காகக் கையாள்கிறார் என்பதே கேள்வி. இன்றும் இளைஞன் நண்பனிடம், "கொஞ்சம் கம்பெனி கொடு" என்கிறான். துணைக்கு வா என்பது பொருள். வேரின் ஈரம் இன்னும் காயவில்லை!

தோழனே, உன் ஊரைப் பார். ஒரே பந்தியில் ஊரார் அனைவரும் அமர்கின்றனரா? ஒரே குவளையில் தேநீர் கிடைக்கிறதா? கும்பினியை விரட்டிவிட்டோம். கூடியுண்ணும் கூட்டத்தை இன்னும் முழுமையாக அமைத்தோமில்லை. அந்தச் சொல்லுக்கு அதன் பிறப்புப் பொருளை மீட்டுத் தருவது அகராதிக்காரர் வேலையன்று, நம் வேலை.