சென்னை வானத்தில் ஒரு எதிர்க்காற்று

ஃபிளைட் சிமுலேட்டரில் சென்னையிலிருந்து மும்பைக்கு ஒரு ஜூலை மாசப் பயணத் திட்டம் போட்டுப் பாருங்க. மேல்வானக் காற்றுப் பட்டியலைக் கீழிருந்து மேலே படிச்சா ஒரு விநோதம் தெரியும். 5,000 அடியில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். 36,000 அடிக்குப் போனா, அதே ஊருக்கு மேலே கிழக்கிலிருந்து வீசும். மென்பொருள் கோளாறு இல்லை. தென்மேற்குப் பருவக்காலத்தில் நம்ம வானம் அப்படித்தான்.

இதனால என்ன ஆகும்னா, தூரம் சுமார் 560 கடல் மைல். விமானத்தின் வேகம் 450 நாட், கிழக்குக் காற்று 50 நாட்னு வெச்சுக்குவோம். போகும்போது தரைவேகம் 500, அதாவது 67 நிமிஷம். திரும்பும்போது 400, அதாவது 84 நிமிஷம். ஒரே பாதையில் 17 நிமிஷ எரிபொருள் வித்தியாசம்.

இந்தக் காற்றை மனுஷன் கண்டுபிடிக்க ரொம்ப காலம் ஆச்சு. 1932 அக்டோபர் 15 அன்று கராச்சி–மெட்ராஸ் விமானத் தபால் தொடங்கியது. பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாடா ஓட்டினார், அங்கிருந்து பெல்லாரி வழியா மெட்ராஸுக்கு நெவில் வின்சென்ட். அவங்க ஓட்டிய பஸ் மாத் மணிக்கு 100 மைல் அளவில் போற சின்ன விமானம். 25 மைல் எதிர்க்காற்று அடிச்சா வேகத்தில் கால்வாசி போச்சு.

அந்தக் காலத்தில் மேல்காற்றை அளக்க பைலட் பலூன்தான். ஹைட்ரஜன் நிரப்பி மேலே விட்டு, தியோடலைட்டால் பின்தொடர்ந்து, கோணங்களைக் குறிச்சுக் கணக்குப் போடுவாங்க. பலூன் மேகத்துக்குள் நுழைஞ்சா கணக்கு அதோட சரி. பருவமழை மாசங்களில் மேகத்துக்கா பஞ்சம்? காற்று திசை மாறும் காலத்தில்தான் கண்ணுக்குத் திரை விழுந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ரேடியோவும் ரேடாரும் பலூனை மேகத்துக்கு மேலேயும் துரத்தின. 1958-இல் இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம், 'டெல்லஸ்' ஆய்விதழில் வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்றைப் பற்றி எழுதினார். கோடையில் திபெத் பீடபூமியும் வட இந்தியாவும் சூடேற, தெற்கே இந்தியப் பெருங்கடல் அவ்வளவு சூடாவதில்லை. இந்த வெப்ப வித்தியாசம்தான் உயரத்தில் கிழக்குக் காற்றைக் கிளப்புது. அதன் மையம் சுமார் 14–16 கிலோமீட்டர் உயரத்தில், சென்னை இருக்கும் அட்சரேகைக்குப் பக்கத்திலேயே ஓடுது. பயணிகள் விமானம் உரசுவது அதன் கீழ்விளிம்பை மட்டும்தான்.

வடசென்னையில் இந்த அடுக்குகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஜூலைக் காலையில் எண்ணூர்ப் புகைபோக்கிகளின் புகை கடல் பக்கம் சாயும். மத்தியானம் கடற்காற்று வந்ததும் ஊர்ப்பக்கம் திரும்பும். அது குடியிருக்கிறவங்க மூக்குக்கே தெரியும். சாயங்காலம் மேற்கே திருவள்ளூர் பக்கமிருந்து இடிமேகம் வரும். ஆனா அதன் உச்சி மட்டும் வந்த திசைக்கே இழுபட்டுப் பரவும். அது கோடேஸ்வரம் எழுதின காற்றின் வேலை.

இன்னிக்கு சிமுலேட்டருக்கு வரும் காற்று, பெரிய கணினிகள் போட்ட கட்டவலை. அந்தக் கணக்குக்குள் செயற்கைக்கோள், விமானங்களின் அளவீடுகளோடு, 43279 என்ற எண் கொண்ட மீனம்பாக்கம் நிலையத்தின் பலூனும் இருக்கு. அதனால திட்டம் போடும்போது, ஓடுபாதையைத் தரைக்காற்றைப் பார்த்து முடிவு பண்ணுங்க. எரிபொருளுக்கு, நீங்க பறக்கப்போற உயரத்தின் வரியைப் படிங்க.