கண்டென்சரின் உடலெழுத்து

மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் கடைக்குப் போகிறவர் கேட்பது ‘இரண்டரை எம்.எஃப்.டி. கண்டென்சர்’ என்றுதான். பாடநூல் அதனை மின்தேக்கி என்கிறது. பொறியாளர் கெப்பாசிட்டர் என்பார். கடைத்தெருச் சொல்லே இவற்றுள் வயதில் மூத்தது. 1782இல் அலெசாண்ட்ரோ வோல்டா இக்கருவிக்கு இட்ட பெயரின் வழிவந்தது அது. ஆங்கிலத் தொழில்நுட்ப வழக்கு அச்சொல்லைப் பெரும்பாலும் கைவிட்டது. இந்தியக் கடைத்தெரு விடவில்லை.

‘எம்.எஃப்.டி.’ என்பதும் அத்தகைய எச்சமே. மைக்ரோவைக் குறிக்கும் கிரேக்க எழுத்தாகிய மியூ தட்டச்சுப் பொறிகளில் இல்லாமையால், அதனிடத்தில் எம் அமர்ந்தது. பெரிய எம் மெகாவையும் குறிக்கும். இரண்டிற்கும் இடையே ஓர் இலட்சம் கோடி மடங்கு வேறுபாடு. ஆயினும் எவரும் தடுமாறவில்லை. மெகாஃபாரட் மின்தேக்கி என்றொரு பொருளே உலகில் இல்லை. சூழல் பொருளைத் தெளிவிக்கும் என்று மொழியியலார் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று அரிது.

அலகின் கதை இன்னும் சுவையானது. 1745–46இல் ஃபான் கிளைஸ்ட்டும், லைடன் நகரின் முஸ்சென்புரூக்கும் தனித்தனியே கண்ட முதல் மின்தேக்கி ஒரு கண்ணாடி ஜாடி. பிரிட்டிஷ் கடற்படையின் வானொலிப் பிரிவு இருபதாம் நூற்றாண்டிலும் ‘ஜாடி’ என்ற அலகிலேயே மின்தேக்குதிறனைக் கணக்கிட்டது. ஒரு ஜாடி ஏறத்தாழ 1.11 நானோஃபாரட். பழைய ஜெர்மானிய வானொலிப் பெட்டிகளில் மின்தேக்கியின் மேல் ‘500 செ.மீ.’ என்று இருந்தால் அது நீளமன்று. ஒரு சென்டிமீட்டர் ஆரமுள்ள கோளத்தின் மின்தேக்குதிறனே அங்கு அலகு. அதன் மதிப்பு 1.11 பிக்கோஃபாரட். ஃபாரட் என்னும் பெயரும் 1861இல் கிளார்க், பிரைட் இருவரால் முன்மொழியப்பட்டபோது மின்னூட்டத்தின் அளவையே குறித்தது. பின்னரே இன்றைய பொருளுக்கு மாறியது.

உறுப்புகள் சிறுக்கச் சிறுக்க எழுத இடமும் குறைந்தது. பீங்கான் வில்லையின் மேல் 104 என்றிருந்தால், பத்தை எழுதி நான்கு சுழியங்களைச் சேர்க்க வேண்டும்: 1,00,000 பிக்கோஃபாரட், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். அலகு எழுதப்படவில்லை, படிப்பவர் அறிந்திருக்க வேண்டும். புதியவரை வீழ்த்துவது அடுத்து வரும் எழுத்து. ‘100கே’ என்பது நூறாயிரமன்று. பத்தின் பின் சுழியமில்லை, எனவே 10 பிக்கோஃபாரட். ‘கே’ என்பது பத்து விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம் என்னும் பிழைவரம்பு. ‘4என்7’ என்பதில் எழுத்தே புள்ளியின் இடத்தில் நிற்கிறது: 4.7 நானோஃபாரட். படியெடுக்கும்போது புள்ளி மறைந்துவிடும். எழுத்து அவ்வளவு எளிதில் மறையாது.

எண்ணைத் தவறாகப் படித்தால் பெரும்பாலும் சுற்று சரிவர இயங்காது, அவ்வளவே. கோட்டைத் தவறாகப் படிப்பது வேறு. அலுமினிய மின்பகுபொருள் மின்தேக்கியின் பக்கவாட்டுக் கோடு எதிர்முனையைக் காட்டும். டாண்டலம் வகையிலோ அதே போன்ற கோடு நேர்முனையைக் காட்டும். அலுமினியத்தில் பழகிய கை டாண்டலத்தைத் திருப்பிப் பொருத்தினால், மின்சாரம் பாய்ந்த சிறிது நேரத்தில் அது குறுக்குச்சுற்றாகித் தீப்பற்றக்கூடும்.