தராக்கி சிவராம்: ஒரு வாழ்க்கைக் குறிப்பின் முதல் வாக்கியம்

கலைக்களஞ்சியத்தில் இடம்பெறும் வாழ்க்கைக் குறிப்பொன்றின் முதல் வாக்கியத்தை எழுதுவது, பத்திரிகைக்குத் தலைப்பிடுவதைவிடக் கடினமான பணி. தலைப்பு மறுநாளே பழையதாகிவிடும். முதல் வாக்கியமோ ஒருவர் யார் என்பதைத் தலைமுறை கடந்தும் சொல்லிக்கொண்டிருக்கும். சர்ச்சைக்குரிய அரசியல் ஆய்வாளர் ஒருவரைப் பற்றி எழுதும்போது இக்கடினம் இரட்டிப்பாகிறது. எம்மவரிடையே இதற்குத் தர்மரத்தினம் சிவராமைவிடப் பொருத்தமான உதாரணம் வேறில்லை.

அவரது வாழ்வின் புறவிபரங்களில் பெரிய சர்ச்சை இல்லை. 1959 ஓகஸ்ட் 11இல் மட்டக்களப்பில் பிறந்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். எண்பதுகளில் தமிழீழ மக்கள் விடுதலைக் கழகமான புளொட்டில் இணைந்து செயற்பட்டார். இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் பின்னர் அதன் அரசியல் கட்சியான ஜனநாயக மக்கள் விடுதலை முன்னணியில் பொறுப்பு வகித்தார். 1989இல் ‘தராக்கி’ என்ற புனைபெயரில் ‘த ஐலன்ட்’ பத்திரிகையில் பத்தி எழுதத் தொடங்கினார். பின்னர் ஆங்கிலத்திலும், ‘வீரகேசரி’ வாயிலாகத் தமிழிலும் பரவலாக வாசிக்கப்பட்டார். தமிழ்நெற் இணையத்தளத்தின் ஆசிரியராகவும் விளங்கினார். 2005 ஏப்ரல் 28 இரவு கொழும்பு பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டார். மறுநாள் அவரது சடலம் நாடாளுமன்றத்திற்கு அண்மையில் கண்டெடுக்கப்பட்டது.

இந்த விபரங்களை ஒரே வாக்கியமாக்க முனையும் இடத்தில்தான் தகராறு தொடங்குகிறது. ‘விடுதலைப் புலிகளின் பிரசாரகர்’ என்று தொடங்க வேண்டும் என்பார் ஒரு சாரார். மறைவின் பின் புலிகளின் தலைவர் வழங்கிய ‘மாமனிதர்’ என்ற விருதுடனேயே தொடங்க வேண்டும் என்பார் மறு சாரார். முன்னவர்கள் புளொட் காலத்தை விரிவாக எழுதுவர். பின்னவர்கள் அதனை ஓர் அடியில் கடந்துவிடுவர். இயக்க உட்கொலைகள் மலிந்திருந்த காலம் அது. அக்காலத்தைப் பற்றிய கேள்விகள் சிவராமையும் விட்டுவைக்கவில்லை. புலிகளுக்கு எதிரணியில் நின்ற இயக்கமொன்றிலிருந்து வந்து, இறுதியில் புலிகளால் மதிப்பளிக்கப்பட்ட இந்தப் பயணமே அவரது வாழ்வின் மையம். இரு சாராரும் வெட்டியெறிய விரும்புவது அதில் ஆளுக்கொரு பாதியை.

சிவராம் கொல்லப்பட்ட அதே 2005ஆம் ஆண்டில், அமெரிக்காவில் இன்னொரு மூத்த பத்திரிகையாளரின் வாழ்க்கைக் குறிப்பு பெரும் விவாதத்தைக் கிளப்பியது. ஜோன் சைகந்தாலர் என்பவர் ‘யூஎஸ்ஏ ருடே’ பத்திரிகையின் ஆசிரியபீடத்தை ஆரம்பத்தில் வழிநடத்தியவர். கென்னடி சகோதரர்களின் கொலைகளில் அவருக்குத் தொடர்பிருந்ததாக ஒருகாலத்தில் கருதப்பட்டது என்ற பொய்யை, பெயர் தெரியாத ஒருவர் மே மாதத்தில் விக்கிபீடியாவில் எழுதிவிட்டார். நான்கு மாதங்களுக்கு மேலாக அது அங்கேயே கிடந்தது. இதன் விளைவாகவே உயிருடன் இருப்போரின் வாழ்க்கைக் குறிப்புகளுக்கெனக் கடுமையான விதிகள் பிறந்தன. ஆதாரமற்ற அவதூறு உடனடியாக நீக்கப்பட வேண்டும் என்பது அவற்றின் சாரம். சைகந்தாலர் உயிருடன் இருந்தார். தமது பத்திரிகையிலேயே மறுப்பு எழுதினார். காலஞ்சென்றோருக்கு இந்த வசதி இல்லை. விதியின் கவசமும் அவர்களுக்கு நெடுநாள் நீடிப்பதில்லை.

கலைக்களஞ்சியத்தின் மற்றொரு விதி எம்மவருக்குக் கூடுதல் சுமையானது. அச்சிலோ நம்பகமான வெளியீடொன்றிலோ வந்ததையே அங்கு எழுதலாம். எவரது நினைவும் ஆதாரமாகாது. நியாயமான விதிதான். ஆயினும், எண்பதுகளின் இயக்க வரலாறு பெரும்பாலும் துண்டுப்பிரசுரங்களிலும் வாய்மொழியிலும் வாழ்ந்தது. ஒரு பிரசுரம் வீட்டில் அகப்பட்டாலே ஆபத்து என்றிருந்ததால், வைத்திருந்தவர்களே அவற்றை எரித்தார்கள். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வின்போது கையில் எடுத்துச் செல்ல முடியாத கடதாசிகள் எத்தனையோ. எஞ்சியவற்றைத் திரட்டும் ‘நூலகம்’ திட்டம் 2005இல்தான் தொடங்கியது. சிவராமைப் பற்றிய விரிவான ஆய்வுநூலை 2007இல் எழுதியவர் அமெரிக்க மானிடவியலாளர் மார்க் விற்றேக்கர். அவரோ சிவராமின் நீண்டகால நண்பர். தமிழ்நெற்றின் செய்தியாளர்கள் பாதுகாப்புக் கருதித் தம் பெயரை வெளியிட்டதில்லை. அதுவும் நம்பகத்தன்மைக்கு எதிரான வாதமாக்கப்பட்டது.

இந்நிலையில் செம்மையாக்குவோர் செய்யக்கூடியது என்ன? பத்திரிகை மேசையில் பழகிய எனக்குத் தெரிந்த வழி ஒன்றே. பெயரடைகளை நீக்கி வினைச்சொற்களை வைத்தல். ‘பிரசாரகர்’, ‘மாமனிதர்’ ஆகிய இரண்டையும் முதல் வாக்கியத்திலிருந்து அகற்றிவிட்டு, என்ன எழுதினார், எங்கே எழுதினார், எந்த ஆண்டில் எந்த நிலைப்பாட்டை எடுத்தார் என்று வரிசைப்படுத்தலாம். 2004இல் கருணா பிரிந்தபோது, தாமும் மட்டக்களப்பான் ஆகிய சிவராம் அந்தப் பிளவை எழுத்தில் எதிர்த்தார் என்பது ஒரு செய்தி. அதைத் துணிவென்பதா சார்பென்பதா என்பதை வாசகர் தீர்மானிக்கட்டும். விருதை வழங்கியவர் யார், குற்றஞ்சாட்டியவர் யார் என்பவற்றை உரிய இடத்தில் பெயருடன் குறிப்பிடலாம். சார்புள்ள மூலத்தையும் ‘இன்னார் கூற்று’ என அடையாளமிட்டுப் பயன்படுத்தலாம். போர்க்காலத்திலேயே இலங்கை குறித்த பக்கங்களில் தமிழரும் சிங்களவரும் இவ்வாறானதோர் உடன்பாட்டுக்கு முயன்றார்கள் என்பது பலர் அறியாத செய்தி.

இது வெறும் மொழிநடைப் பிரச்சினை என எண்ணிவிடலாகாது. சிவராம் கொலையில் கைது நடந்தது. ஆனால் இரு தசாப்தங்கள் கடந்தும் எவரும் தண்டிக்கப்படவில்லை. அவருக்கு முந்திய ஆண்டில் மட்டக்களப்பில் சுடப்பட்ட ஐயாத்துரை நடேசனின் கதையும் அதுவே. ‘பிரசாரகர்’ என்ற சொல் முதலில் வரும்போது, அவரது மரணம் இயல்பாகவே நேர வேண்டியதொன்று என்ற தொனி வாசகர் மனதில் படிகிறது. ‘மாமனிதர்’ என்ற சொல் முதலில் வரும்போது, அது தியாகமாகிவிடுகிறது. தியாகத்திற்கு விசாரணை தேவையில்லை.

ஆகவே அந்த முதல் வாக்கியத்தில் நான் வைக்க விரும்பும் செய்திகள் மூன்று மட்டுமே. அவர் இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையாளர், அரசியல் ஆய்வாளர். 2005 ஏப்ரலில் கடத்திக் கொல்லப்பட்டார். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. கடைசிச் செய்தியை என்றோ ஒருநாள் யாரேனும் திருத்தி எழுத நேர்ந்தால், அந்தத் திருத்தத்தை இரு சாராரும் மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.