16-ம் நாள் காரியம் முடிந்தால் மிச்சம் 5 நாள்தான்! இறப்பை பதிவு செய்வது எப்படி?

சென்னை,

வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால் "முதல்ல காரியம் முடியட்டும், ஆபீஸ் வேலையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் சட்டம் துக்கத்துக்காக காத்திருப்பதில்லை. இறந்த 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். 16-ம் நாள் கருமாதி முடித்துவிட்டு கிளம்பினால் கையில் இருப்பது 5 நாள் மட்டுமே. அதிலும் சனி, ஞாயிறு வந்துவிட்டால் கதை முடிந்தது.

எங்கே பதிவது?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். இறப்பு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரில்தான் பதிவு. மதுரைக்காரர் சென்னை ஆஸ்பத்திரியில் இறந்து, உடலை சொந்த ஊருக்கு கொண்டு போய் அடக்கம் செய்தாலும் பதிவு சென்னையில்தான். ஊரில் போய் கேட்டால் "இங்கே முடியாது" என்று திருப்பி அனுப்பி விடுவார்கள்.

கிராமம் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடமும், பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி பகுதி என்றால் அந்தந்த அலுவலகத்தின் பிறப்பு, இறப்பு பதிவாளரிடமும் பதிய வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இறந்தால் தகவல் கொடுப்பது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. "அவங்க பாத்துப்பாங்க" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. அனுப்பி விட்டார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டில் இறந்தால் குடும்பத்தினர்தான் தகவல் தர வேண்டும். கடைசியாக சிகிச்சை அளித்த டாக்டரிடம் இறப்புக்கான காரணம் குறித்த சான்று வாங்க வேண்டும். மயான ரசீது, இறந்தவரின் ஆதார் அட்டை ஆகியவற்றையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

தாமதமானால்?

21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. அதன் பிறகு 30 நாட்கள் வரை தாமதக் கட்டணத்துடன் பதியலாம். 30 நாள் தாண்டி ஓராண்டுக்குள் என்றால் மேல் அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை.

ஓராண்டும் தாண்டினால் அலைச்சல்தான். 2023-ல் திருத்தப்பட்ட சட்டப்படி மாவட்ட கலெக்டர், வருவாய் கோட்டாட்சியர் அல்லது கலெக்டர் அதிகாரம் அளித்த நிர்வாக மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இருந்தால்தான் பதிவு செய்வார்கள்.

பதிவு முடிந்த 7 நாட்களுக்குள் தகவல் கொடுத்தவருக்கு முதல் சான்றிதழ் இலவசமாக தரப்பட வேண்டும்.

ஒரு எழுத்தால் வரும் வினை

சான்றிதழை வாங்கியதும் பையில் வைக்காமல் அங்கேயே படித்துப் பார்க்க வேண்டும். ஆதாரில் 'முருகேசன்', சான்றிதழில் 'முருகேஷ்' என்று இருந்தால் பேங்கிலும், எல்.ஐ.சி.யிலும் நிறுத்தி விடுவார்கள். இறந்தவரின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், தேதி, முகவரி எல்லாம் சரியா என பார்ப்பது அவசியம். தவறு இருந்தால் அதே பதிவாளரிடம் ஆதாரம் கொடுத்து திருத்தலாம்.

அடுத்தடுத்த கெடுக்கள்

இந்த சான்றிதழ் இருந்தால்தான் தாசில்தார் தரும் வாரிசு சான்றுக்கு விண்ணப்பிக்க முடியும். இ-சேவை மையத்திலேயே மனு கொடுக்கலாம்.

இறந்தவர் பெயரில் பைக், கார் இருந்தால் 30 நாட்களுக்குள் வட்டார போக்குவரத்து அலுவலகத்துக்கு தகவல் தர வேண்டும். 3 மாதத்துக்குள் பெயர் மாற்ற மனு செய்ய வேண்டும்.

தமிழக அரசு ஊழியர் பணியில் இருக்கும்போது இறந்தால், கருணை அடிப்படையில் வேலை கேட்டு வாரிசு 3 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

பென்சன் வாங்கியவர் என்றால் உடனே தகவல் சொல்லிவிட வேண்டும். "பின் நம்பர் தெரியும்ல, எடுத்துக்கலாம்" என்று ஏ.டி.எம். கார்டை போட்டு, இறந்த பிறகு விழுந்த பென்சனை எடுத்தால் பின்னாடி திருப்பிக் கட்ட வேண்டி வரும்.

கணவரை இழந்த பெண்ணுக்கு குடும்ப பென்சன், இன்சூரன்ஸ் பணம், பேங்க் சேமிப்பு எல்லாவற்றுக்கும் முதல் சாவி இந்த ஒரு காகிதம்தான். துக்க வீட்டில் அவரை அலைய விடாமல் மகனோ, மருமகனோ, பக்கத்து வீட்டுக்காரரோ முதல் வாரத்திலேயே போய் பதிந்துவிட்டு வந்தால், அது பெரிய உதவி.